கொசுறுக்குப் புறவிலை இல்லை

கறிவேப்பிலைக் கொத்து ஒன்று மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்றது விலைப்பலகை. பூங்கோதை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். அது காய்கறிக் கடை அல்ல, செம்மேட்டுப்பாளையத்திலேயே பெரிய ஜவுளிக் கடை. ஐந்து மாடிக்கும் சேலை அடுக்கி வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாடிப்போன கறிவேப்பிலையை வைத்திருந்தார்கள்.

"அந்த ஊதாச் சேலை என்ன விலைங்க?"

"சேலைக்கு விலை இல்லீங்க அம்மிணி. ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கிக்கோங்க, சேலை கொசுறு" என்றார் கடைக்காரர் ஆறுச்சாமி, ஏதோ ஊரறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் கொத்தை வாங்கி, காசைக் கட்டி, சேலையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பொருளால் ஆற்றுக்கு ஆகும் கேட்டையும் விலையில் ஏற்றும் புறவிலைமானி கல்லாமேல் இருந்தது; அது கறிவேப்பிலையைப் பார்த்தது, பச்சை விளக்கு எரிந்தது. புறவிலை: பூஜ்யம். அந்த மானியை உருவாக்கியவளே பூங்கோதைதான்.

அன்று காலைதான் தம்பி நாச்சிமுத்து கூப்பிட்டிருந்தான். அவன் மஞ்சியாற்றங்கரையில் பதினான்கு கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவன். ஆறு ஊதாவாக ஓடுகிறது, இரண்டு மாடு செத்துக் கிடக்கிறது என்று சொல்லி அழுதான். உடனே ஊரிலுள்ள எல்லா மானிகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தாள். சேலை விற்பனையே நடக்கவில்லை என்றன எல்லாம். அப்படியென்றால் ஆற்றில் சாயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் கடையேறி வந்திருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி விக்கறீங்க?"

"தை மாசத்துல இருந்துங்க. முதல்ல எதுத்த கடைக்காரன் ஆரம்பிச்சான். நாலாயிரத்து அறுநூறுக்கு வித்த சேலை அவன்கிட்ட மூவாயிரத்து இருநூறுக்கு இறங்கிப்போச்சு. நான் மட்டும் புறவிலை போட்டு வித்துட்டு ஈ ஓட்டறதுங்களா? ஒரே மாசத்துல ஊரே கறிவேப்பிலைக்கு மாறிருச்சு. மாறாதவன் கடையைச் சாத்திட்டான்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "எவனோ ஒரு புண்ணியவான் கொசுறுக்குப் புறவிலை கிடையாதுன்னு எழுதி வெச்சிருக்கான். நல்லா இருக்கோணும்!"

அந்தப் புண்ணியவானும் அவள்தான்.

மானி வருவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சாயப்பட்டறைக்காரர் நூலுக்கும் கூலிக்கும் காசு கொடுத்தார், ஆற்றுக்குக் கொடுக்கவில்லை. போட்டி போட்டு விலையைக் குறைத்தார்கள், குறைந்த விலைக்கு எல்லாரும் வாங்கினார்கள், தேவைக்கு மேல் சேலை குவிந்தது. விற்றவனுக்கு லாபம், வாங்கினவளுக்கு மலிவு, நடுவில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளுக்கு மாடு செத்தது. பூங்கோதையின் மானி அந்த மூன்றாவது ஆளையும் விலைக்குள் கொண்டுவந்தது. ஆற்றடியில் பதித்த நீர்ச்செவி என்னும் உணர்கருவிகள் தண்ணீரின் கேட்டை அளந்து சொல்ல, இன்னும் ஒரு சேலை சாயம் போட்டால் இன்னும் எவ்வளவு கேடு என்று அது கணித்து, அதைச் சேலையின் விலையில் ஏற்றியது. ஒரு சேலைக்கு ஆயிரத்து நானூறு. விலை ஏறியது, விற்பனை பாதியானது, ஏழாவது மாதம் ஆற்றில் கெண்டை துள்ளியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இடையில் ஒரே ஒரு கலகம். கத்தரிக்காய் வாங்கின ஒரு பெண்ணுக்குக் கடைக்காரர் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட, மானி அதற்கும் பதினேழு காசு கேட்டுவிட்டது. கொசுறுக்குக் காசா! அன்று சந்தையில் நாற்பது மானிகள் உடைந்தன. அப்போது பார்க்க வந்திருந்த ஓர் அயல்நாட்டு நிபுணருக்கு இதை விளக்கவே முடியவில்லை. தள்ளுபடியா, மாதிரியா, லஞ்சமா என்று கேட்டார். எதுவுமில்லை, கொசுறு. பூங்கோதை சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினாள்: கொசுறுக்குப் புறவிலை இல்லை. நம் ஊர்ப் பெருந்தன்மையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதாக அன்று அவளுக்குப் பெருமை வேறு.

கடையிலிருந்து நேராக, தான் வேலை பார்க்கும் புறவிலை ஆணையத்துக்கு ஓடினாள். அந்த வரியை அடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். கொசுறு என்றால் என்ன என்று சொன்னால்தான் அதற்கு விலை போட முடியும் என்று இயந்திரம் மறுத்தது. பலவிதமாக எழுதிப் பார்த்தாள். கைப்பிடி அளவு என்று எழுதினால் சேலை தப்பித்தது, விலை குறைந்த பொருள் என்று எழுதினால் மோதிரம் தப்பித்தது. தம்பி மறுபடி கூப்பிட்டு மூன்றாவது மாடும் விழுந்துவிட்டது என்றான். அவசர அவசரமாக எழுதி முடித்தாள்.

'ஒரு வியாபாரத்தின் விளைவாக, விலை பேசாமல் ஒருவரிடம் வந்து சேரும் எதுவும் கொசுறு. அதற்குரிய புறவிலையைப் பெற்றவரே செலுத்த வேண்டும்.'

இனி எந்தப் பொருளும் தப்பாது. கையெழுத்திட்டாள். விலை விதி அடிக்கடி மாறினால் சந்தை நிலைகொள்ளாது, ஆகவே எழுதிய விதியை ஓராண்டுக்குத் தொடக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தையும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவள் அவளேதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆறுச்சாமியின் கடைக்குப் போனாள். கறிவேப்பிலைக் கூடையைக் காணோம். விதி வேலை செய்கிறது என்று நினைத்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். ஊதாச் சேலை, மூவாயிரத்து இருநூறு. புறவிலை, பூஜ்யம். வாசல் வரை கூட்டம் நெரிந்தது.

"நேத்து வந்த அம்மிணிதானுங்களே!" என்று ஆறுச்சாமி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார். "புது விதி வந்திருக்குதுங்க! இனி கறிவேப்பிலையும் வேண்டியதில்லை!"

தன் கைக்கருவியில் மானியிடம் காரணம் கேட்டாள். அது பொறுமையாக விளக்கியது. கேடு செய்வது சேலை அல்ல, சாயக்கழிவு. ஒரே கேட்டுக்கு இரண்டு முறை விலை போடக்கூடாது. சேலையை வாங்கியவர் சேலையை விலை பேசித்தான் வாங்குகிறார். அந்த வியாபாரத்தின் விளைவாக, விலை பேசாமல் வந்து சேரும் பொருள் கழிவு. ஆகவே கழிவே கொசுறு. கழிவைப் பெற்றவர்கள் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

பட்டியலைத் திறக்கும் முன்பே நாச்சிமுத்து கூப்பிட்டான். இம்முறை அவன் அழவில்லை. குழம்பிப்போயிருந்தான்.

"அக்கா, நம்ம மோட்டார் ரூம்புல ஆத்துத் தண்ணிக்கு வெச்சிருக்கற மானி காத்தாலயிருந்து கத்திட்டே இருக்குதுங்க. ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டோணுமாம். கொசுறு வாங்கினேன்னு போட்டிருக்குது. நான் டவுனுக்கே வரலீங்களே, யார்கிட்டயும் எதும் வாங்கலீங்களே?"

பூங்கோதை பட்டியலைத் திறந்தாள். ஆற்றங்கரைக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள், தம்பியும். கடைக்குள் யாரோ ஒருத்தி, இதே விலைக்கு இன்னும் நாலு எடுத்துப் போடுங்கள் என்றாள்.

"கீழ பாத்தேனுங்க்கா. இஷ்டமில்லைன்னா கொசுறைத் திருப்பிக் குடுத்துரலாம்னு எழுதியிருக்குது" என்றான் தம்பி. "எனக்கு அது வேண்டாமுங்க. எந்தக் கடையில கொண்டுபோய்க் குடுக்கோணும், அதை மட்டும் சொல்லுங்க்கா."