கூடையில் ஏறி வெளிநாடு

மோசஸ் வெளிநாடு போய் வந்தார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் இந்தச் செய்தி மோசஸுக்குத் தெரிந்தது.

அதற்குக் காரணம் அந்தத் தெருவின் சிக்னல். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சவுக்குத்தோப்புத் தெரு. அங்கே கடல் உண்டு, காற்று உண்டு, கொசு தாராளமாக உண்டு. சிக்னல் மட்டும் இல்லை. தப்பித் தவறி ஒரு கோடு வந்துவிட்டால் தெருநாய்கள்கூட எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

அதனால் மோசஸ் தன் வீட்டு மொட்டை மாடியில் உயரமான ஓர் இரும்புக் குழாயை நட்டிருந்தார். அதன் உச்சியில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அவர் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். வேலை செய்யும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே தினமும் போனைக் கூடையில் வைத்துக் கொடியேற்றுவதுபோல் ஏற்றிவிட்டுப் போவார். உச்சியில் சிக்னல் பிடிக்கும்; ஒரு தரம் பிடித்துவிட்டால் மாடிக்கு இறக்கினாலும் கொஞ்ச நேரம் விடாது. அங்கிருந்து ஹாட்ஸ்பாட் வழியாகத் தெரு முழுக்க இன்டர்நெட் இறங்கும். ஆகஸ்ட் பதினைந்துக்குக்கூட அந்தத் தெருவில் அத்தனை பேர் கம்பத்தை அண்ணாந்து பார்த்ததில்லை.

அன்று காலை கம்பத்தின் உச்சியில் போன் அடித்தது. மோசஸ் குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு லோகு ஓடிவந்து கூடையை இறக்கி, போனை ஸ்பீக்கரில் போட்டார். லோகு தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். அவர் எதையும் தனியாகக் கேட்டுப் பழக்கமில்லை.

“மோசஸ், எந்த நாட்டுக்குப் போனீங்க?” என்றது போன். பேசியது மோசஸ் வேலை பார்க்கும் கம்பெனியின் கும்மிடிப்பூண்டி ஆபீஸ் மேனேஜர் குணசுந்தரி மேடம்.

“அவரு பாத்ரூமுக்குத்தான் போயிருக்காரு மேடம்,” என்றார் லோகு.

மேடம் சிரிக்கவில்லை. போன மாதம் அந்தப் போனுக்கு வெளிநாட்டு ரோமிங் கட்டணம் மட்டும் மோசஸின் நாலு மாதச் சம்பளம் அளவுக்கு வந்திருக்கிறதாம். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏறியதாம். போன் கனெக்ஷன் ஆபீஸ் கொடுத்தது. எஞ்சினியர்கள் வெளிநாடு போவார்கள் என்று எல்லா எண்ணுக்கும் ரோமிங் வசதியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“ஆனா உபயோகிச்சவங்கதான் பொறுப்பு. சம்பளத்துல பிடிச்சிடுவோம்,” என்றார் மேடம்.

மோசஸ் சோப்பு நுரையோடு வந்து நின்றார். “நான் சூளூர்ப்பேட்டைக்கு அந்தாண்ட போனதே இல்ல மேடம்!”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

“இன்னாண்ணா நீ, வெளிநாடு போய்க்கினு வந்திருக்க. தெருவுக்கு ஒரு சாக்லேட்டு இல்லையா?” என்று அதற்குள் கூடிவிட்ட தெருக்காரர்களில் ஒருவர் கேட்டார்.

மோசஸின் மனைவி ஹெலன்தான் முதலில் கணக்குப் போட்டார். “அந்த ஞாயித்துக்கிழமை நாம எல்லாம் பள்ளிப்பட்டு கல்யாணத்துல இல்ல இருந்தோம்? தெருவே அங்கதான் இருந்துச்சு.”

தெருவே அங்கே இருந்தது, லோகுவைத் தவிர. மறுநாள் வியாபாரத்துக்கு மாவு ஆட்ட வேண்டும் என்று அவர் மட்டும் போகவில்லை. போன் கம்பத்தில் இருந்தது. லோகு கம்பத்தின் கீழே இருந்தார்.

எல்லோரும் லோகுவைப் பார்த்தார்கள்.

“படம் பாத்தேன்,” என்றார் லோகு. “மாவு ஆட்டிக்கினே மூணு படம் பாத்தேன். ஆனா எல்லாம் தமிழ்ப் படம்ணா. ஒண்ணுல கூட ஹீரோ வெளிநாடு போவல.”

“நீ பாத்துதான்டா பில்லு ஏறிக்கிச்சு!” என்று மோசஸ் கத்தினார்.

“ஆமாமா,” என்றது தெரு. தினமும் அதே ஹாட்ஸ்பாட்டில் சீரியல் பார்க்கிறவர்கள் கொஞ்சம் உரக்கவே சொன்னார்கள்.

லோகு தன் கால் விரலைப் பார்த்துச் சொன்னார்: “சரிண்ணா. நான்தான் பாத்தேன், நான்தான் பொறுப்பு. வண்டிய வித்துக் குடுத்துடறேன். மீஞ்சூர்ல ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்காரு. சனிக்கிழமை வந்து எடுத்துக்கினு போவச் சொல்றேன்.”

இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் பிரின்சி. மோசஸின் மகள். ஆறாம் வகுப்பு.

அன்று மாலை அவள் பள்ளியிலிருந்து வந்தபோது, லோகு மாமா வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“விக்கப்போற வண்டிய எதுக்கு மாமா கழுவற?”

“அழுக்கா குடுத்தா வண்டிக்கு அசிங்கம் இல்ல?” என்றார் லோகு. சக்கரத்தின் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்தார்.

“வண்டி இல்லாம நீ இன்னா பண்ணுவ?”

“இட்லிய தலைல வச்சுக்கினு விப்பேன். சாம்பார்தான் பேஜாரு.”

அவர் சிரித்தார். பிரின்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டுக்குள் போய் யோசித்தாள். படம் தமிழ். மாவு தமிழ். பார்த்தவர் தமிழ். பிறகு எங்கிருந்து வந்தது வெளிநாடு?

அப்பா போனை அணைத்து பீரோவில் பூட்டியிருந்தார். பிரின்சி அம்மாவிடம் கேட்டு வாங்கினாள். மாடிக்குப் போய், போனை ஆன் செய்து கூடையில் வைத்து ஏற்றினாள். சற்று நேரம் காத்திருந்து இறக்கினாள்.

போனில் நேரம் எட்டு மணியைத் தாண்டியிருந்தது.

வானத்தில் இன்னும் வெயில் இருந்தது. படியிறங்கி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறுகூட ஆகவில்லை. கம்பத்தில் ஏறிய போன் இரண்டரை மணி நேரம் வயதாகி இறங்கியிருந்தது.

போனின் மேல் ஓரத்தில் வழக்கமாக இருக்கும் கம்பெனிப் பெயரும் இல்லை. வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. பிரின்சி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீங்கள் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள், இன்டர்நெட்டுக்குத் தனிக் கட்டணம் ஆகும், சம்மதமா என்று கேட்டிருந்தது. அவள் வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தாள்.

பழுது பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கல்யாண ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு நாள் நின்றுவிட்டுப் போன அதே கப்பல், இப்போது மறுபடி வந்திருந்தது. அதன் தலையில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள், முட்டை அடுக்கியதுபோல.

அப்பா வேலை முடிந்து வந்ததும் பிரின்சி போனை நீட்டினாள்.

“அப்பா, கப்பல்ல இருக்கிறவங்களுக்குன்னு அங்கயே செல்போன் டவர் இருக்குமா?”

“இருக்கும், அந்த வெள்ளை உருண்டைங்கதான் சாட்டிலைட்டைப் பிடிக்கும். நடுக்கடல்ல அவங்களுக்கு வேற யாரு சிக்னல் குடுப்பா? கரைக்கு வந்தா அணைச்சிடணும்னு சொல்வாங்க.”

“இவங்க அணைக்கல போலப்பா. நம்ம கூடை அதைப் பிடிச்சிருக்கு. அந்த ஞாயித்துக்கிழமை போன் இந்த மாதிரி கட்டம் போட்டு ஏதாவது கேட்டுச்சா?”

மோசஸ் இருமினார். “கேட்டுச்சு. கல்யாணத்துக்கு வண்டி ஹாரன் அடிச்சுக்கினே இருந்துச்சு. ஓகே அமுக்கிட்டு, மறுபடி ஏத்திட்டுப் போனேன்.”

“படிச்சியா?”

“அத்தயெல்லாம் யாரு படிப்பா?”

சொல்லிவிட்டு அவர் லோகுவின் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

மறுநாள் ஆபீஸுக்குப் பேசினார்கள். போன் மறுபடி கப்பலேறிவிடக் கூடாது என்று பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய்ப் பேசினார்கள். மோசஸ் சொல்லச் சொல்ல, குணசுந்தரி மேடம் “ம்… ம்…” என்றார். கடைசியில், “நம்புற மாதிரி இல்லையே மோசஸ்,” என்றார்.

பிரின்சி போனை வாங்கினாள். “ஒரு தரம் எங்க ஊட்டுக்கு வந்து பாருங்க மேடம். பாஸ்போர்ட்டு வேணாம்.”

மேடத்துக்கு வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் வேலை இருந்தது. அப்படியே வந்தார். ஹெலன் மாடியில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். பிரின்சி மேடத்தின் போனைக் கேட்டு வாங்கிக் கூடையில் வைத்து ஏற்றினாள். அதுவும் ஆபீஸ் கனெக்ஷன்தான்.

மேடம் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பாதி டீயில் கூடை இறங்கியது.

“கட்டம் வந்திருக்கு மேடம், பாத்து…” என்று பிரின்சி சொல்லி முடிப்பதற்குள் மேடத்தின் கட்டைவிரல் ஓகேயை அமுக்கிவிட்டது.

“படிக்கலையா மேடம்?”

“யாரும்மா படிப்பாங்க?” என்றார் மேடம்.

“அதான் மேடம்,” என்றார் மோசஸ்.

சரியாக அந்த நேரம் பார்த்து, மேடத்தின் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வளைகாப்பு வீடியோ வந்து இறங்கத் தொடங்கியது. நீளமான வளைகாப்பு. ஊரே வந்திருந்தது. அத்தைமார் நலங்கு வைத்து முடிப்பதற்குள், கட்டணம் இவ்வளவு ஆகிவிட்டது என்று ஒரு மெசேஜ் வந்தது. அதைப் படித்ததும் மேடம் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் டீ கடல் பக்கமாகப் பறந்தது.

பீதியோடு டேட்டாவை அணைத்துவிட்டு, போன் கம்பெனிக்குப் பேசினார்.

“மேடம், நீங்க இப்போ ஒரு கப்பல்ல இருக்கீங்க,” என்று அந்தப் பக்கம் ஒருவர் இனிமையாகச் சொன்னார்.

“நான் மொட்டை மாடியில இருக்கேன்! பக்கத்துல வத்தல் காயுது! எந்தக் கப்பல்லய்யா வத்தல் காயுது?”

அதன் பிறகு நடந்ததை மோசஸே பாராட்டிப் பேசுவார். மற்றவர் பில்லுக்காக ஒரு மேனேஜர் இப்படிச் சண்டை போட்டு அவர் பார்த்ததில்லை. போன் கம்பெனி கப்பலைக் கைகாட்டியது. கப்பல்காரர்கள் அந்த டவரைப் பொருத்திய கம்பெனியைக் கைகாட்டினார்கள். பொறுப்பு அன்று மாலை பல நாடுகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் கப்பலுக்குள் ஒரு சுவிட்சை அணைக்க மறந்த ஆளிடம் வந்து நின்றது. அவர் மன்னிப்புக் கேட்டு அணைத்தார். போன் கம்பெனி இரண்டு பில்லையும் ரத்து செய்வதாக ஒப்புக்கொண்டது.

“ரோமிங்கையும் நாளைக்கே மூடச் சொல்றேன்,” என்று மேடம் மெதுவாகச் சொன்னார். “எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னது நான்தான்.”

மறுநாள் சனிக்கிழமை. மீஞ்சூர்க்காரர் காலையிலேயே வந்தார். வண்டி விற்பதற்கில்லை என்று தெரு முழுக்கச் சேர்ந்து சொன்னது. ஆமாமா சொன்னவர்கள் இப்போதும் கொஞ்சம் உரக்கவே சொன்னார்கள். அவர் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மோசஸ் வாசலிலேயே நின்றார்.

“லோகுகிட்ட போய் இன்னான்னு சொல்றது?” என்று பிரின்சியிடம் கேட்டார்.

தெருமுனையில் லோகுவின் வண்டி மணலில் சிக்கியிருந்தது. லோகு தனியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் சொல்லாதப்பா,” என்றாள் பிரின்சி. “போய்த் தள்ளு.”

மோசஸ் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் கையை வைத்தார். லோகு திரும்பிப் பார்த்தார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

“ண்ணா, மேல சாம்பார் இருக்கு,” என்றார் லோகு. “பாத்துத் தள்ளு.”

மோசஸ் பார்த்துத் தள்ளினார்.