செம்பருத்தி பார்க்கும் வேடிக்கை

வரையாட்டுப் பாறைப் பூங்காவின் ஒராங்குட்டான் கூடத்தில் அன்றும் நல்ல கூட்டம். எல்லோரும் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே வந்து, ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் செம்பருத்தி இருந்தாள். அவளுக்கு மனம் வந்தால்தான் காட்சி.

"இன்னிக்குத் தெறக்குமாங்க?" என்று பல்லடத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார்.

"அது அம்மணி இஷ்டமுங்க. நம்ம கையில என்ன இருக்குது?" என்றாள் ஹரிணி. செம்பருத்திக்குத் தீனி வைத்துக் கூண்டைக் கழுவுகிறவள் அவள்தான். இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது.

காட்சியிசைவுச் சட்டம் வந்த பிறகு நாடு முழுக்க இதே கதைதான். மனிதக்குரங்கு எதையும் அதன் சம்மதமில்லாமல் காட்சிக்கு வைக்கக் கூடாது. கூண்டு ஒவ்வொன்றிலும் இசைவுத்திரை என்ற கண்ணாடி பொருத்தப்பட்டது. சாதாரணமாக அது இருபுறமும் இருட்டு. உள்ளே ஒரு செப்புத்தகடு இருக்கும். குரங்கு அதில் உள்ளங்கையை வைத்தால் மின்சாரம் பாய்ந்து கண்ணாடி தெளியும். கால்மணி நேரத்தில் மறுபடி இருண்டுவிடும். ஒரு வருடம் முழுக்க ஒருமுறைகூடக் கை வைக்காவிட்டால், 'எனக்கு இந்தப் பிழைப்பு வேண்டாம்' என்று அது சொல்லிவிட்டதாகப் பொருள். அதன் சொந்தக் காட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

மற்ற பூங்காக்களில் தகடுகள் தூசி படிந்து கிடந்தன. சிம்பன்சிகளும் கொரில்லாக்களும் விமானம் ஏறிவிட்டன. தமிழ்நாட்டில் மிச்சம் செம்பருத்தி ஒருத்திதான். அவள் தினமும் இரண்டு மூன்று முறை கை வைத்துவிடுவாள்.

இதில் மிகவும் நொந்துபோனவள் பூங்காவின் விலங்கு மருத்துவர் மிருதுளா. அந்த ஒரு வருட விதியை எழுதிக் கொடுத்ததே அவள்தான். செம்பருத்தியை நினைத்துத்தான் எழுதினாள். குட்டியாகக் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட நாளிலிருந்து அவளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறாள். இன்னும் மூன்று நான்கு வருடம் போனால் செம்பருத்தியின் தோளில் மரமேறும் பலம் இருக்காது. ஏற முடியாத குரங்கை அதன் சொந்தக் காடான சுமத்ராவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் சாகும்வரை இந்த சிமெண்டுத் தரைதான்.

"நீங்க ஏனுங்க டாக்டர் மல்லுக்கட்டறீங்க? அதுக்கு நம்ம ஆளுகளப் புடிச்சிருக்குது. மேடை ஏறிப் பழகினவங்க மாதிரி" என்பார் இயக்குநர் தர்ஷன். ஐம்பதைத் தாண்டிய, எதற்கும் கோபப்படாத மனிதர். கோபப்படாதவர்களோடு சண்டை போடுவதுதான் பெரும்பாடு.

ஒருநாள் தடுப்பூசி போடப் பின்பக்கக் கம்பிக்கதவு வழியாகப் போன மிருதுளா, கண்ணாடி தெளிகிற நேரத்தில் அங்கேயே நின்றுவிட்டாள். வெளியே ஜனங்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். செம்பருத்தி எதற்கும் முகம் காட்டவில்லை. ஒரு பெண் கூந்தலை அவிழ்த்துக் கொண்டை போடுவதையே பார்த்தாள். ஒருவர் பையின் ஜிப்பை இழுத்து, சிக்கிக்கொண்டு, மறுபடி இழுத்தபோது அவளும் விரல்களைக் காற்றில் இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி இருண்டதும் கையை வைத்து மறுபடி திறந்தாள். ஜிப் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மிருதுளாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் தன்னைக் காட்டவில்லை, நம்மை வேடிக்கை பார்க்கிறாள்! அதைப் போய்ச் சட்டம் சம்மதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்படி எண்ணும்படி எழுதியவள் தானே என்பது நினைவுக்கு வந்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. அன்றே முடிவு செய்தாள்.

காட்சியிசைவு ஆணையத்தின் முன் நின்று வாதாடி, திரையை மாற்ற அனுமதி வாங்கினாள். புதியது ஒருவழித்திரை. செம்பருத்திக்கு வெளியே எல்லாம் எப்போதும் தெரியும். வெளியில் இருப்பவர்களுக்கு, அவள் தகட்டில் கை வைத்தாலொழிய, கறுப்புக் கண்ணாடிதான்.

அதற்குப் பிறகு செம்பருத்தி தகட்டின் பக்கமே போகவில்லை. காலையில் வாழைத்தாரை இழுத்துக்கொண்டு கண்ணாடி ஓரம் வந்து உட்கார்ந்தால் கூடம் பூட்டுகிற வரை அங்கேதான். மிருதுளா நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். பத்து மாதம் ஓடிவிட்டது.

ஆனால் வெளியில் நிற்பவர்களுக்கு மெல்ல மெல்ல என்னவோபோல் இருந்தது. முதலில் கண்ணாடியைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். தெரியாத கண் ஒன்று தன்னைப் பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் கை கால் இயல்பாக இருக்கும்? உடுமலைப் பிரமுகர் ஒருவர் கூடத்தில் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, அப்புறம்தான் விஷயம் தெரிந்து கொதித்துப்போனார். பார்வையாளர் சங்கம் வைத்து வழக்கும் போட்டார். குரங்குக்கு இருக்கிற உரிமை மனிதனுக்குக் கிடையாதா என்பது வாதம். அதை யார் மறுக்க முடியும்? தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

தர்ஷன் கூடம் முழுக்க மறைகூடுகளை அரைவட்ட வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு ஒரு கூடு. உள்ளே நாற்காலி, முன்னால் அதே ஒருவழிக் கண்ணாடி. இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் இருட்டு. பார்வையாளர் விரும்பினால் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு செப்புத்தகடு உண்டு. நீதி என்றால் இருபுறமும் சமமாக இருக்க வேண்டாமா!

செம்பருத்தியின் முன்னால் இப்போது வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள் நின்றன. இரண்டு நாள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் எழுந்து போய்த் தகட்டில் கையை வைத்தாள்.

அவள் கண்ணாடி தெளிந்தது. எதிரே ஒரு பெட்டியும் தெளியவில்லை. இருட்டுக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், எல்லோரும் அவளைக் கண் நிறையப் பார்த்தார்கள். அவள் மறுபடி கை வைத்தாள். மறுபடி வைத்தாள். இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கமும் திறக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மிருதுளா தன் அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இதற்கு முன்னால் எத்தனையோ கூண்டு பார்த்திருக்கிறாள். இவ்வளவு கச்சிதமான கூண்டைப் பார்த்ததில்லை. கம்பிக்கூண்டிலாவது குரங்குக்கு எதிரில் இருப்பவன் முகம் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்து கூடு கூடாகக் கெஞ்சினாள். "கொஞ்ச நேரம் தகட்டுல கைய வைங்க. அது உங்களப் பாக்கட்டும். பாத்தாப் போதும், அது கை வைக்கறத விட்டுடும்."

"நம்மள எதுக்குங்க அது பாக்கோணும்?" என்றார்கள் உள்ளேயிருந்து. ஒருவரும் கை வைக்கவில்லை.

"அப்ப நான் உக்காந்துக்கறேன்" என்றாள் தர்ஷனிடம்.

"பூங்கா ஆளுக கூட்டுல உக்காரக் கூடாதுங்க டாக்டர். தீர்ப்புலயே இருக்குது."

"அப்ப நான் பூங்கா ஆளு இல்லைங்க" என்றாள் மிருதுளா. அன்று மாலையே வேலையை விட்டாள்.

மறுநாள் சீட்டு வாங்கி, நட்டநடுக் கூட்டில் உட்கார்ந்து, தகட்டில் உள்ளங்கையைப் பதித்தாள். கண்ணாடி தெளிந்தது. கால்மணிக்கு ஒருமுறை மறுபடி பதித்தாள். கூடம் பூட்டும் வரை அதே வேலை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

முதல் வாரம் கூச்சம் பிடுங்கித் தின்றது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. எதிரே கறுப்புக் கண்ணாடி. செம்பருத்தி அங்கே இருக்கிறாளா, தூங்கப் போய்விட்டாளா என்பதுகூடத் தெரியாது. உள்ளே தீனி வைத்துவிட்டு வரும் ஹரிணிதான் தைரியம் சொல்லுவாள்.

"உங்களையேதானுங்க பாத்துட்டிருக்குது. நேத்து நீங்க தலை சீவுனீங்கல்ல, அதும் ஒரு குச்சிய வெச்சுச் சீவுது. தகட்டுப் பக்கமே போகலீங்க. சோறும் நல்லாத் திங்குது."

அது போதும். மிருதுளா செம்பருத்திக்காகவே விதவிதமான வேலைகளைக் கொண்டுவந்தாள். பூத் தொடுத்தாள், குடையைப் பிரித்துப் பழுது பார்த்தாள், ஜிப் வைத்த பைகளைத் திறந்து மூடினாள். காய்ச்சலோடும் வந்தாள். அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போகாமல் வந்தாள். அன்று போனில் அண்ணனோடு பெரிய சண்டை. முடிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செம்பருத்தி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்ததாக ஹரிணி பிறகு சொன்னாள்.

பார்த்தது செம்பருத்தி மட்டும் இல்லை. குரங்கு தெரியாத கூடத்துக்கு எவன் வருவான் என்று தர்ஷன் முதலில் கவலைப்பட்டார். கூட்டம் குறையவே இல்லை. எல்லாக் கூட்டுக்குள்ளிருந்தும் நடுக்கூடு நன்றாகத் தெரிந்தது. அண்ணன் தங்கை சண்டையன்று வந்தவர்கள் ஊர் போய்ச் சொன்னார்கள். மறுவாரம் இரண்டு மடங்கு கூட்டம். நடுக்கூட்டின் மேல் ஒரு பலகை மாட்டப்பட்டது. 'மிருதுளா. பெண். உணவு: இட்லி, தயிர்சாதம். மதியத்தில் சற்று உறங்கும்.'

"உறங்கும்னா போட்டிருக்கீங்க?" என்று அவள் சீறினாள்.

"பழக்கத்துல எழுதிட்டானுங்க, மாத்தச் சொல்றேன்" என்றார் தர்ஷன். மாற்றவில்லை. அவளும் விட்டுவிட்டாள். அவளுக்குப் பலகையா முக்கியம்?

ஒரு வருடம் முடிந்தது. ஆணையத்திலிருந்து வந்து சோதித்தார்கள். தகட்டில் ஒரு விரல்கூடப் படவில்லை என்று உறுதி செய்தார்கள். செம்பருத்தியை ஏற்றிய வண்டி மலையிறங்கியபோது மிருதுளா கையை ஆட்டிக்கொண்டே அழுதாள். அப்புறம் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினாள். பத்து நாள் கழித்துச் சுமத்ராவிலிருந்து செய்தி வந்தது. உயரமான மரமொன்றின் உச்சியில் படுக்கை கட்டிவிட்டாளாம். பகலில் இலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காவலர்களின் சமையற்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். மிருதுளா அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

தன் மருந்துப் பெட்டியையும் புத்தகங்களையும் எடுத்துப்போக மறுவாரம் பூங்காவுக்கு வந்தாள். இனி அங்கே ஈ காக்கை இருக்காது என்று நினைத்திருந்தாள். வாசலில் இரண்டு வரிசை நின்றது. ஒன்று சீட்டு வாங்குகிறவர்களின் வரிசை. மற்றதில் நின்றவர்கள் தலைவாரி, பவுடர் பூசி, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். அந்த வரிசையின் தலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றவள் ஹரிணி.

"இங்க என்ன பண்றே?"

"நடுக்கூட்டுல உக்காரத்தானுங்க. செம்பருத்தி போனதும் வேலைய விட்டுட்டனுங்க, நானும் இப்ப பூங்கா ஆளு இல்லீங்க. தெனம் ஒருத்தர உக்கார வெக்கறாங்க. இன்னிக்கு என் மொறை."

"ஏன் ஹரிணி? ஒரு வருஷம் நான் பட்டதப் பாத்தியில்ல?"

"பாத்தனுங்க. அதனாலதானுங்க." ஹரிணி சேலை மடிப்பை நீவிக்கொண்டாள். "ஊட்ல மூணு பேரு இருக்கறாங்க. நான் வந்தாலும் போனாலும் ஒருத்தரும் தலையத் தூக்கிப் பாக்கறதில்லீங்க. நீங்க அழுதப்போ ஒரு கூடமே பாத்துதுங்களே."

மிருதுளா விறுவிறுவென்று தர்ஷனின் அறைக்குப் போனாள். அவர் வழக்கம்போல் நாற்காலியைக் காட்டினார்.

"கட்டாயம் எதுவும் இல்லீங்க டாக்டர். அவங்களா வர்றாங்க, அவங்களாக் கைய வெக்கறாங்க. முழுச் சம்மதம்."

"செம்பருத்தியும் கைய வெச்சுதே, அது சம்மதமா? நான் திரும்ப ஆணையத்துக்குப் போறேன். எத்தனை வருஷமானாலும் சரி, இதை நிறுத்திக் காட்டறேன். செம்பருத்திய அனுப்பின மாதிரி இவங்களையும் அவங்கவங்க எடத்துக்கு அனுப்பி வெப்பேன்."

"நீங்க செய்வீங்கன்னு தெரியுமுங்க" என்றார் தர்ஷன். அவர் குரலில் கேலி இல்லை. "ஆனா, அவங்கவங்க எடத்துல இருந்துதானுங்களே வந்திருக்கறாங்க."

மிருதுளா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் மணி அடித்தது. ஹரிணி நடுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, தகட்டில் கையை வைத்தாள்.