கறுப்புக் கோடு

சவரக் கத்தி கன்னத்தைக் கிழித்ததும் சொர்ணப்பன் பதறவில்லை. வெளிர்நீல ரத்தம் இரண்டு சொட்டு எட்டிப் பார்த்தது. காவலணுக்கள் ஓடிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெட்டை அடைத்தன. மறு கன்னத்தை மழிப்பதற்குள் தழும்புகூட இல்லை.

மன்னார்க் கடலடியில், முந்நூறு அடி ஆழத்துக் குமிழி நகரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். கடலடிக் கிருமிகளிடம் மனித ரத்தம் தோற்றுப்போனதால், பாறையில் ஒட்டி வாழும் கடலுயிர்களின் ரத்த அணுக்களைப் பிறந்த அன்றே குழந்தைக்குச் செலுத்தினார்கள். கிருமி நுழைந்தால் அவை சூழ்ந்து விழுங்கிவிடும். சிக்கல் ஒன்றுதான். அவற்றில் பல நூறு வகை. எந்தக் குழந்தைக்கு எது என்பது குலுக்கலில் அமைவது. ஒரு வகை அயல் வகையைத் தொட்டால் இரண்டும் வெடித்துச் சாகும். துளியோடு துளி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று அந்தச் சிக்கல் சொர்ணப்பன் குடும்பத்துக்கே வந்தது. அண்ணன் திரவியத்தின் ஒரே மகள் ஆதிரை, நீரிறைக்கும் விசிறியில் சிக்கி ரத்தமெல்லாம் இழந்து கிடந்தாள். தாயில்லாப் பெண்.

"இன்னொருவர் உடலோடு மூன்று நாள் இணைக்க வேண்டும்," என்றது மருத்துவ இயந்திரம். "தவறினால் மதியத்தைத் தாண்ட மாட்டாள்."

திரவியத்தின் துளி மகளின் துளியோடு கலந்தது. ஆனால் அவர் இதயம் இணைப்பைத் தாங்காது என்றது இயந்திரம்.

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரே ரத்தம்லா!" சொர்ணப்பன் விரலை நீட்டினான். கண்ணாடித் தகட்டில் துளிகள் தொட்ட இடத்தில் செத்த அணுக்களின் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது.

உறவினர் பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு கோடுகள்.

கடைசியில் கலந்தது, மருத்துவமனைச் சாக்கடையில் கசடு அள்ளிக்கொண்டிருந்த தவசியின் துளி. அவனாகவே வந்து விரலைக் கொடுத்தான்.

"அண்ணே, கசடு அள்ளுறவன் ரத்தமா?" சொர்ணப்பன் காதோரம் சீறினான். "நகரத்தைக் கட்டுன முதல் நூறு குடும்பத்துல ஒண்ணு நாம. ஊரு என்ன பேசும்?"

திரவியம் மகளின் உதட்டைப் பார்த்தார். நிறம் போய்க்கொண்டிருந்தது.

"வாயப் பொத்துலே."

"நீங்க பேசி முடிங்க மொதலாளி," என்றான் தவசி. "நான் அதுக்குள்ள படுத்துக்கிடுதேன்."

மூன்று நாள் இருவர் ரத்தமும் ஒரே வட்டமாக ஓடியது. நான்காம் நாள் ஆதிரை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் விருந்து. கூடத்தின் நடுவே, திரவியத்துக்குப் பக்கத்தில் தவசி. "எங்க வகையாக்கும்! மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்று திரவியம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொர்ணப்பன் வாசலில் செருப்பைக் கழற்றினான். அண்ணன் விரைந்து வந்து குறுக்கே நின்றார்.

"நீ வெளியவே இருந்துக்கோ தம்பி. கோடு விழுந்த ஆளுகள உள்ள சேக்கிறதில்லன்னு எங்க வகையில பேசி வச்சிருக்கோம். தப்பா நினைக்காத."

சொர்ணப்பன் அங்கேயே நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டான். தவசி தம்ளரில் கொண்டுவந்தான். சொர்ணப்பன் கையை நீட்டினான்.

"கையில கொடுக்காதய்யா," என்றார் திரவியம். "கீழ வை."