உத்திரத்துக்குக் கீழே

நடுமுற்றத்தில், விரிசல் விட்ட தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். லேப்டாப் திரையில் மட்டும்தான். நுஸ்ஹா தலையைத் திருப்பிப் பார்த்தபோது அங்கே ஈரத்தரையும் சாத்திவைத்த துடைப்பமும்தான் இருந்தன.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய வீடுகளை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து படமெடுத்து, அந்தப் படங்களைக் கோத்துக் கணினிக்குள் அதே வீட்டை எழுப்பி, எந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது அவள் வேலை. இன்று எடுத்தது தனியாக இருக்கும் தங்கை கென்ஸாவின் வீடு. இதில் இனி ஒரு ராத்திரியாவது படுக்கலாமா என்று நுஸ்ஹாதான் சொல்ல வேண்டும். பெருநாள் கழியாமல் நகரமாட்டேன் என்று கென்ஸா ஒற்றைக்காலில் நின்றாள்.

நடமாடுகிறவர்கள் இந்தக் கணினி உருவில் விழமாட்டார்கள். படத்துக்குப் படம் அசையாமல் இருந்ததை மட்டும்தான் கணினி எழுப்பும். நுஸ்ஹா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில்கூட அந்தப் பெண் இல்லை. உருவிலோ, இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை உத்திரத்தில் பதித்து நின்றாள். முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"கென்ஸா, நான் படமெடுக்கறப்ப தூண்கிட்ட நின்னியா?"

"நிக்க எனக்கேது நேரம்? நோன்பு திறக்க ஹரீரா சூப்பு வேணாமா உனக்கு?" சமையலறையிலிருந்து சிரிப்பு வந்தது. "பசியில கண்ணைக் கட்டுதா, இன்ஜினியரம்மா?"

தக்காளியும் கொத்தமல்லியும் கொதிக்கிற வாசனை, ஊறிப்போன தேவதாரு மரத்தின் புளித்த வாடையோடு கலந்து முற்றத்தில் தேங்கியிருந்தது. தேவையில்லாமல் விழுகிற உருவங்களைக் குப்பை என்று அழித்துவிட்டுத்தான் இந்தத் தொழிலில் யாரும் கணக்கை ஓட்டுவார்கள். அவளும் அழித்துவிட்டு ஓட்டினாள்.

திரையில் உத்திரம் பாரம் தாங்காமல் சிவந்தது. மாடி சரிந்தது. வீடே உள்வாங்கி மண்ணானது.

அழித்ததை மீட்டு மறுபடி ஓட்டினாள். வீடு நின்றது. சிவப்பு இரண்டே இடங்களில். அந்த உள்ளங்கைகளில்.

பயம்தான். வேறு காரணம் சொல்வதற்கில்லை. அந்த வழவழ முகம் தன் பக்கம் திரும்பிவிடும் என்று தோன்றியது. மீட்க முடியாதபடி ஒரேயடியாக அழித்து, லேப்டாப் மூடியைச் சாத்தினாள்.

தலைக்குமேல் மரம் முனகியது.

சுண்ணாம்பு உதிர்ந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. பிறகு கைப்பிடி அளவு. பிறகு ஒரு செங்கல்.

"கென்ஸா! வெளிய வா! எல்லாத்தையும் போட்டுட்டு வா!"

நுஸ்ஹா வாசலை நோக்கி ஓடினாள். தங்கையில்லாமல் தாண்ட மனம் வரவில்லை. சமையலறைக்குத் திரும்பினாள். அடுப்பில் ஹரீரா பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. ஆளில்லை.

முனகல் நின்றது.

சட்டென்று. முழுதாக.

நுஸ்ஹா மெல்லத் திரும்பினாள்.

தூணுக்குப் பக்கத்தில் கென்ஸா. கைகள் மேலே. உள்ளங்கைகள் உத்திரத்தில்.

"கென்ஸா... வாடி. வந்துடு."

"நீ போ அக்கா." தங்கையின் குரல்தான். உதடு அசையவில்லை. "கைய எடுத்தா விழுந்துடும்."

நுஸ்ஹா அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. சில்லென்று. மேலிருந்து சுண்ணாம்புத்தூள் பொடிப்பொடியாக உதிர்ந்து, கென்ஸாவின் திறந்த கண்களுக்குள் நிறைந்துகொண்டிருந்தது. அவள் இமைக்கவில்லை.