மாப்பிள்ளையின் முடி

டெலிபோன் அலறியது!

போலீஸ் லேப் அம்மா எடுக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாலே கழுத்து வலித்தது.

மறுபடியும் அலறல்... எடுத்தாள்.

"செத்தவன் கையில இருந்த முடி என்னாச்சும்மா?" இன்ஸ்பெக்டர். தூங்கி நாளான குரல். "இங்க மேனேஜர் என் உயிரை வாங்குறார். வெளியிலேருந்து வந்த டாக்டர் ஊசியோட நிக்கிறார். நீங்க ஆமான்னா சிறுத்தையை முடிச்சிடுவாங்க."

அது ஒரு தனியார் மிருகக்காட்சி சாலை. சிறுத்தைக் கூண்டு வாசலில் காவலாளியின் பிணம்! கழுத்தில் நீளமாக நான்கு கீறல்கள்... விரல்களுக்குள் ஒரு கொத்து முடி!

கூண்டுக்குள் 'மாப்பிள்ளை' என்ற சிறுத்தை. கம்பி இடுக்கு வழியாக அதுதான் அடித்துவிட்டது என்றார் மேனேஜர்.

"இது ஆண் சிறுத்தை, கடுவனோட முடி சார். அப்பன்கிட்டேருந்து மகனுக்கு மட்டும் போற ஒய் குரோமோசோம் அடையாளம் இருக்கு. 'பெரியவர்'னு ஒரு சிறுத்தை இருந்துச்சே, அதோட ரத்தம் போன வருஷம் இங்க வந்தது. அதே வம்சம்."

"மாப்பிள்ளை பெரியவரோட குட்டிதானாம்."

"அப்புறமென்ன? பெரியவரைத்தான் செத்ததும் எரிச்சாச்சே. வேற கடுவனும் அங்க இல்லை."

"சரி. சொல்லிடறேன்."

வைத்துவிட்டாள். எதிர் பெஞ்சில் காவலாளியின் மனைவி. காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை, பாவம்.

"அவ செய்ய மாட்டாம்மா... என் புருஷன் புட்டிப்பால் குடுத்து வளர்த்தார். எங்க நடுவுலதான் படுத்துத் தூங்குவா."

"போய் முகத்தைக் கழுவிட்டு வா தாயி. டீ சொல்..."

லேப் அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"யாரு அவ?"

"மாப்பிள்ளைதாம்மா."

"மாப்பிள்ளை... அவளா?!"

"பெட்டைம்மா அது! கண்ணு திறக்காத குட்டியா கைக்கு வந்துச்சு. கடுவன்னு நெனச்சு இவர் பேரு வச்சார். அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாக்குது... விட்டுட்டோம்."

ஐயோ! பேரை நம்பி ஏமாந்துட்டேனே!

கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. டயல் செய்தாள்.

மணி அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

"ஹலோ?"

"ஊசியை நிறுத்துங்க!!"

"ஏம்மா கத்துறீங்க? இப்பத்தான் மருந்தை ஏத்துறார்..."

"மாப்பிள்ளை பொம்பளை சார்! பொண்ணுக்கு அந்த அடையாளம் வரவே வராது. முடி அவளோடது இல்லை!"

"டாக்டர், நில்லுங்க!" இன்ஸ்பெக்டர் அதட்டுவது கேட்டது. "வேற கடுவனே இல்லைன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"உயிரோட இல்லை. முடி வேர்ல உப்பு ஒட்டியிருந்தது. வேர்வைன்னு விட்டுட்டேன். உரிச்ச தோலுக்குத்தான் சார் உப்புத் தடவுவாங்க. பெரியவரை எரிச்சதா சொன்னது யாரு?"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துலதான் நிக்கிறார்."

பயப்படாதீர்கள் கண்மணிகளே, ஊசி இறங்கவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை, காவலாளி மனைவியின் கையை நக்கிக்கொண்டிருந்தது. இன்னும் யாரையோ தேடுவது போல அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

மேனேஜர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெரியவரின் தோல்! ஓர் ஓரத்தில் கைப்பிடி அளவு வழுக்கை. கூடவே, ரத்தம் காய்ந்த, குப்பை வாரும் நான்கு பல் இரும்பு வாரி!

"தோலை விக்கப் போறேன்னு கண்டுபிடிச்சிட்டான். போலீசுக்குப் போறேன்னான்..." மேனேஜர் தலையைக் கவிழ்த்தார். "அப்பன் முடியும் மகன் முடியும் ஒரே அடையாளம்னு படிச்சிருந்தேன் சார். அதான் தோல்லேருந்து பிச்சு அவன் கையில திணிச்சேன்."

"அது மகள்னு தெரியாதா? தினம் இங்கதானேய்யா இருக்கீங்க!"

"கூண்டுப் பக்கம் போனதே இல்லை. சிறுத்தைன்னா எனக்கு பயம்!"

இன்ஸ்பெக்டர் வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

"ஜீப்ல ஏறுங்க சார். ஸ்டேஷன்ல யாரும் உங்க தோலை உரிக்க மாட்டாங்க... அது உங்க டிபார்ட்மெண்ட்!"