இரண்டு முறை வைத்த பேர்

சாப்பிடக் கூப்பிட்டதும் எமிலி வந்துவிட்டாள். வந்து, அடுப்படியில் கிடந்த மனைப்பலகையில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினாள். அருள்மேரி ரசம் சோற்றைப் பிசைந்து முதல் வாயை ஊட்டும்போதுதான், ஹாலிலிருந்து இன்னொரு ஜோடிக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மொசைக் தரையில் தப்தப்பென்று வெறுங்கால் பட, டி.வி. ஸ்டாண்டைத் தாண்டி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு, அடுப்படிக் கதவு வரைக்கும் வந்து நின்றது.

மாலை ஆறேகால் இருக்கும். ஆறு மணிக்கே கரண்ட் போயிருந்தது. அந்த 2008 ஐப்பசியில் பெருங்களத்தூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். அருள்மேரி மெழுகுவத்தியைத் தூக்கிக் கதவுப் பக்கம் காட்டினாள். ஒன்றுமில்லை. மழை ஈரத்தில் ஊறிய சுவரின் வாடையும், ரசத்தில் போட்ட பெருங்காய வாசனையும்தான். எமிலி சோற்றை மென்றபடி கதவையே பார்த்தாள். பிறகு, பலகையில் யாரோ உட்கார இடம் கேட்டது மாதிரி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை அருள்மேரி. மாடியில் தனியாக இருப்பவளுக்குப் பூனை நடந்தால்கூடப் பெரிதாகத்தான் கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் பூனை என்றால் கூப்பிடும்போது மட்டும் ஏன் வர வேண்டும். ஒரு வாரம் கணக்கு வைத்துப் பார்த்தாள். "எமிலி, குளிக்க வா" என்றால் எமிலி வருவாள், நாலைந்து மூச்சு கழித்து இன்னொரு ஓட்டம். "எமிலி, பால் குடிக்க வா" என்றாலும் அதேதான். அவள் புருஷன் ஜீவானந்தம் கூப்பிட்டால் ஒரு ஓட்டம் மட்டும். மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை, கம்பெனி பஸ் இறக்கிவிட்டு வீடு வந்துசேர ஏழாகும். அதுவரை வீட்டில் இவளும் குழந்தையும்தான்.

சனிக்கிழமை காலையில் கீழ்வீட்டு கங்கம்மா, வீட்டுக்கு ஓனர் அவள்தான், மோட்டார் போட வந்தவள் படியடியில் நின்று கேட்டாள்.

"இன்னா மேரி, உன் வூட்டுக்கு ஒறவுக்காரங்க யாருனா வந்துகீறாங்களா?"

"இல்லியேக்கா. ஏன்?"

"மேல ரெண்டு கொயந்த ஓடற மாதிரி கீதே. நேத்து சாயங்காலம் ஒரே பேஜாரு. அதான் கேட்டேன்."

எமிலிதான் குதித்துக்கொண்டே இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு மேலே வந்தாள். தன் காதில் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்தவள் காதிலும் விழுந்திருக்கிறது. துவைக்கப் போட்ட துணியைத் தொடவில்லை, உலையை வைக்கவில்லை, ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடியே இருந்தாள். நாலு வருடமாக நினைக்கக்கூடாது என்று வைத்திருந்ததை அன்றைக்கு நினைத்தாள்.

அந்தப் பேர் ஒரு ரயில் பயணத்தில் கிடைத்தது. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில், கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். லீவு நாள் ஒன்றில் எங்கோ போகும்போது, குரோம்பேட்டையில் வண்டி நின்றது; பிளாட்பாரத்தில் ஒரு சின்னப் பெண் ஓட, அவள் அம்மா பின்னாலிருந்து "எமிலி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். ஓடிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நின்று தலையைத் திருப்பிச் சிரித்தது. அந்தத் திரும்பலுக்காகவே அருள்மேரி அந்தப் பேரை எடுத்துக்கொண்டாள். ராத்திரி சொன்னபோது ஜீவானந்தம் கிண்டலடித்தான்.

"வெள்ளக்காரி பேரா இருக்கு. எங்கம்மா பேரு ஞானப்பூ, அதுக்கு என்ன கொறச்சல்?"

"ஞானப்பூன்னு வெச்சா நாளைக்கு ஸ்கூல்லேர்ந்து வந்து உங்களத்தான் ஒதைப்பா."

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அதற்கப்புறம் தினமும் வயிற்றைத் தடவி எமிலி எமிலி என்று கூப்பிடுவதுதான் இவளுக்கு வேலை.

ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டெட்டால் நெடியும், பக்கத்துக் கட்டில்காரியின் முனகலும், மேலே டக்டக்கென்று சுற்றிய ஃபேனும் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு பெண். அழவில்லை. பச்சைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம்தாம்மா" என்று சொல்லி, நர்ஸ் ஜீவானந்தத்திடம் கையெழுத்து வாங்கப் போனாள். சாகக் கிடக்கிற குழந்தைக்கு, சாமியார் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்தாள். "எமிலி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லி, மூன்று முறை நெற்றியில் விட்டாள். மூன்றாவது முறை அந்தத் தலை அவள் பக்கம் திரும்பியது. கண் திறக்கவில்லை, ஆனால் திரும்பியது. அதற்கப்புறம் அசையவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம், அழுதால் நிறுத்த முடியாது என்ற பயம். கல்லறையில் பேர் எழுதாமல்தான் புதைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது 'அந்தக் கொழந்த'.

2006-ல் அடுத்தது பிறந்தது. சுகப்பிரசவம், மூன்று கிலோ, ஆஸ்பத்திரியே அதிர்கிற அழுகை. ஜீவானந்தம்தான் ஆரம்பித்தான்.

"நீ ஆசைப்பட்ட பேரையே வெச்சிடலாம் மேரி. அது சும்மாதானே கெடக்குது."

சும்மா கிடக்கவில்லை, கொடுத்தாயிற்று என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கோயிலில் சாமியார் பேர் கேட்டபோது இவளே முந்திக்கொண்டு சொன்னாள். கைக்குழந்தையாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டால் ஓடிவருகிற வயது வந்த பிறகுதான், கூப்பிட்டால் இரண்டும் ஓடிவருகிறது.

அன்றிலிருந்து பேர் சொல்வதை நிறுத்தினாள். பாப்பா, கண்ணு, செல்லம் என்றே கூப்பிட்டாள். மூன்று நாள் சத்தமில்லை. நான்காம் நாள், தின்னக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை எமிலி படுக்கையறைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள்.

"அது யாருக்குடி?"

"எமிலிக்கு."

"நீதான எமிலி."

குழந்தை யோசித்தது. பிறகு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவிடுக்கைக் கை காட்டியது. கை காட்டிய உயரம், குழந்தையின் தலையைவிட ஒரு சாண் அதிகம்.

அன்று ராத்திரி ஜீவானந்தத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன் தொடங்கினான். தண்ணீர் ஊற்றியதைச் சொன்னதும் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இத ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவள் தூங்குகிற குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"சரி. ஞாயித்துக்கெழம ஃபாதர்கிட்ட பேசுவோம். பாப்பாவுக்கு வேற பேர் வெப்போம். அதுவரைக்கும் அந்தப் பேர உன் வாயால சொல்லாத. நம்ம பொண்ணு நமக்கு வேணும்."

வேணும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆறரைக்குக் கரண்ட் போனபோது அருள்மேரி அடுப்படியில் இருந்தாள், குழந்தை ஹாலில் பொம்மையோடு இருந்தது. தீப்பெட்டி ஈரத்தில் நமுத்து, ஒவ்வொரு குச்சியாக உரசி உரசிக் கந்தக வாடை மட்டும் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஹால் பக்கமிருந்து குளிர்ந்த காற்று காலில் பட்டது. வாசல் கதவு திறந்திருக்கிறது. வெளியே படிக்கட்டு. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. கைப்பிடி வைக்கச் சொல்லி கங்கம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

"பாப்பா."

மழைச் சத்தம்.

"பாப்பா, எங்கடி இருக்க? கண்ணு."

தடவிக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். பொம்மை காலில் இடறியது. குழந்தை இல்லை. கதவுக்கு வெளியே, முதல் படியில், ஏதோ உரசியது. குழந்தை உட்கார்ந்து இறங்கப் பார்க்கிறது. இல்லை, அது மழையா. தெரியவில்லை. பாய்ந்து பிடிக்கப் போனால் பயந்து சறுக்கிவிடும். "செல்லம், வா" என்றாள். திரும்பவில்லை. எந்தப் பேருக்கு நிற்கும் அது? ஒரே பேருக்குத்தான் நிற்கும்.

"எமிலி!"

படியில் சத்தம் நின்றது. ஈரக் கால்கள் மேலே வந்தன. தப். தப். தப்.

அதே நேரம் பின்னால். படுக்கையறையிலிருந்து. ஓடி வந்தது.

இரண்டும் அவள் முன்னால் வந்து நின்றன. இருட்டு. இரண்டு மூச்சு. ஒன்று வலது பக்கம், ஒன்று இடது பக்கம். மழை வாடை இரண்டிலும் இருந்தது.

மண்டியிட்டாள். இரண்டு கையையும் விரித்தாள்.

வலது பக்கம் இருந்தது வந்து மார்பில் விழுந்தது. தூக்கிக்கொண்டாள். இடது கை காற்றில் துழாவியது. ஒரு விசும்பல். அம்மா வேறொன்றைத் தூக்கியதைப் பார்த்த பிள்ளையின் விசும்பல். பிறகு கால்கள் திரும்பி வாசலுக்குப் போயின. படிக்கு. ஒரு படி. உட்கார்ந்து. இன்னொரு படி.

"நீ யாருடி?" என்றாள் தோளில் இருந்ததிடம்.

"எமிலி."

குரலில் தெரியவில்லை. எடையில் தெரியவில்லை. கீழே போகிறதே, அது யார். கால் நகரவில்லை அவளுக்கு.

கேட் திறந்தது. ஜீவானந்தத்தின் குரல்.

"ஏய், மழையில எங்கடி தனியா எறங்கி வர்ற? விழுந்திருந்தா என்ன ஆகும்?"

செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வாசலை எட்டும்போது கரண்ட் வந்தது.

நனைந்த யூனிஃபார்மோடு நின்றான். இடுப்பில் எமிலி. நெற்றியில் சிராய்ப்பு, காலையில் இவள் போட்டுவிட்ட நீல கவுன், அழுது சிவந்த மூக்கு. "நீ என்ன பண்ணிட்டு..." என்று தொடங்கியவனின் கண்கள் அவள் தோளுக்குப் போயின. அங்கேயே நின்றன.

"மேரி. கீழ விடு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது.

"மேரி, மெதுவா கீழ விடு. பாப்பா இங்க இருக்கா பாரு."

எமிலி இரண்டு கைகளையும் நீட்டி, "அம்மா, தூக்கு" என்று கதறினாள். தூக்க வேண்டும். இதை இறக்கிவிட்டு அவளைத் தூக்க வேண்டும். அருள்மேரி குனியப் பார்த்தாள், முடியவில்லை. பிடித்துக்கொண்டிருப்பது அது என்றுதான் முதலில் நினைத்தாள். அதன் கைகள் இரண்டும் அவள் முதுகுப் பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. இறுக்கிக்கொண்டிருந்தது அவளுடைய கைகள்தான்.