பட்டம் ஏறிய விரல்

காற்று மூன்று நாட்களாக ஓயவில்லை. பள்ளிவாசல்துறையில் ஜௌபரின் வீட்டு முன்னறையில் மணல் புகுந்து, கதிரைக் கால்களைச் சுற்றிச் சிறு வரம்புகள் கட்டியிருந்தது. அவர் அதைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தெட்டு. நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழாகவும் தமிழைச் சிங்களமாகவும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. நாள் முழுவதும் பிறர் சொற்களைச் சுமப்பவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு ஜூட்டின் ஆட்டோ வாசலில் நின்றது. ஜூட் கண்டக்குழிக்காரன். ஆட்டோ ஓட்டுவது தொழில், ஜௌபரோடு சேர்ந்து அடுத்தவர் சிக்கலை அவிழ்ப்பது ஆசை.

"நானா, ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கிறன். அழுது அழுது என்ட சீட்டே நனைஞ்சி போச்சி."

"பொய் சொல்லாதீங்க ஜூட் அண்ணன், நான் அழல்ல," என்றபடி ஓர் இளம்பெண் இறங்கினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

அவள் பெயர் நஸ்லா. வீட்டிலேயே நகங்களுக்குச் சித்திரம் வரைகிறாள். கல்யாணம், பிறந்தநாள், பெருநாள் என்று எதற்கு வேண்டுமானாலும், கேட்பவர் விருப்பப்படி ஒரு கதையைப் பத்து நகங்களில் தீட்டித் தருவாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஹஃபீலாவுக்கு நிக்காஹ். இந்தப் படத்தால நிண்டுபோகும் போல இருக்கு. அவ கதவைப் பூட்டிக்கிட்டா. ரெண்டு நாளா சாப்பாடு இல்ல."

படத்தில் முகம் இல்லை. கடற்கரையில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு பெண்ணின் வலக்கை, அதன் முழங்கையைப் பற்றியபடி ஓர் ஆணின் கை. பின்னால் வெள்ளைக்காரர்கள் இராட்சதப் பட்டங்களைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்கிறார்கள். பெண்ணின் நகங்களில் நீலக்கடல். பெருவிரலில் பலகை மேல் நிற்கும் குட்டி மனிதன், அடுத்த விரலில் சிவப்புப் பட்டம்.

"செவ்வாய்க்கிழமை இரவு யாரோ ஒருத்தன்ட ஸ்டேட்டஸில வந்திச்சாம். கொஞ்ச நேரத்தில அழிச்சிட்டான். அதுக்குள்ள ஊர் முழுக்கப் போயிட்டு. இந்த வேலை என்ட கை வேலை. ஹஃபீலாவுக்கு மட்டும்தான் செஞ்சன். அதால எல்லாரும் இது அவட கைதான் எண்டு கதைக்கிறாங்க."

"கியூடெக்ஸ் பூசியிருக்கிற கையில தொழ ஏலாதே," என்றான் ஜூட். "ஹஃபீலா தொழுறவதானே?"

"அதான் ஒட்டு நகத்தில செஞ்சன். தொழ முந்தி கை கால் கழுவி வுளூ எடுக்கக்குள்ள கழற்றி வைக்கலாம். தொழுதிட்டுத் திருப்பி ஒட்டலாம். ஊருக்கு அது தெரியாது. கையில பூசினது எண்டுதான் நினைக்கிறாங்க. நான் விளக்கம் சொன்னா, கூட்டாளியைக் காப்பாத்தக் கதை கட்டுறாள் எண்டு சொல்றாங்க."

ஜௌபர் படத்தைப் பெரிதாக்க முயன்றார். விரல் வழுக்கியது. ஜூட் ஆர்வத்தோடு குறுக்கே தன் பெருவிரலை நீட்டிப் படத்தை இழுத்தான். அவன் நகத்தின் நடுவே கருநீலத் தழும்பு ஒன்று இருந்தது.

"என்ன காயம்?"

"அதுவா? ரெண்டரை மாசத்துக்கு முந்தி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் டயர் மாத்தக்குள்ள ஜாக் நழுவிட்டு. அப்ப நகத்தின்ட அடியில இருந்திச்சி, இப்ப பாதி மலை ஏறிட்டு."

ஜௌபர் அவன் விரலை விலக்கிவிட்டு, படத்தில் இருந்த பெருவிரலையே நெடுநேரம் பார்த்தார். ஒட்டு நகத்தின் ஓரமாக உண்மை நகம் மயிரிழை போல் வெளியே தெரிந்தது. அந்த இழையின் மேற்பாதி செம்மஞ்சள், கீழ்ப்பாதி வெறும் நகநிறம்.

"வெயில் பட்டிருக்கு," என்றான் ஜூட்.

"பாதி நகத்தில மட்டுமா?"

காற்று ஜன்னலை அடித்தது. ஜௌபர் எழுந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்தார்.

"நஸ்லா, இந்தச் சித்திரத்தை எந்த வரிசையில வரைஞ்சீங்க?"

"பெருவிரல்ல ஆள். சுட்டு விரல்லயும் நடுவிரல்லயும் பட்டத்துக் கயிறு. மோதிர விரல்ல பட்டம். சின்ன விரல்ல ஒரு கடற்காகம்." சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "அல்லாஹ்வே! பட்டம் சுட்டு விரலுக்கு வந்திட்டு. சுட்டு விரல் நகம் மோதிர விரல்ல இருக்கு."

"மாறி ஒட்டலாமா?"

"அந்த ரெண்டு விரலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா ஹஃபீலா மாறி ஒட்ட மாட்டா. இந்தக் கதையைச் சொல்லிச் செய்வித்ததே அவதான்."

"சந்தேகப்பட இது ஒரு காரணம். அத்தாட்சி இல்ல," என்றார் ஜௌபர். "போய்ப் பார்ப்போம்."

கண்டக்குழியில் ரஸாக்கின் வீடு கடலிலிருந்து இருநூறு அடி. ஹஃபீலாவின் தந்தையான அவர் முற்றத்தில் கிழிந்த வலையை மடியில் வைத்திருந்தார். ஊசி கையில் இருந்தது, ஒரு கண்ணிகூட முடியப்படவில்லை.

"அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாறாங்க தம்பி," என்றார். "முடிவு சொல்லவாம்."

நஸ்லாவின் குரல் கேட்டதும் கதவு திறந்தது. ஹஃபீலா மெலிந்த, நிமிர்ந்த பெண். அவள் அழவில்லை. அழாததுதான் பார்ப்பவரை அமைதியிழக்கச் செய்தது.

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது புள்ள?" என்று கேட்டார் ஜௌபர்.

"மாப்பிள்ளை வீட்டில இருந்து உடுப்புக் கொண்டு வந்தாங்க. மாமியும் அவங்கட மகள் சப்னாவும். நஸ்லாவும் என்ட மச்சி, மாமாட மகள் ஹவ்வாவும் இருந்தாங்க. நகத்தை ஒட்டிக் காட்டினன். மூண்டரைக்கு அஸருக்குப் பாங்கு சொன்னதும் கழற்றிப் பெட்டியில வச்சிட்டுத் தொழுதன். தலைவலியில பின் அறையில படுத்திட்டன். பொழுது பட்டு மஹ்ரிபுக்குத்தான் எழும்பினன். நான் படுத்திருந்ததுக்குச் சாட்சி இல்ல."

"பெட்டி?"

"முன் அறை மேசையில. காலையில பார்த்தன், பத்தும் இருந்திச்சி."

நஸ்லா முந்திக்கொண்டு, தான் அஸருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். ஹவ்வா நான்கரைக்கு விடுதிச் சமையலறை வேலைக்குப் போனாளாம். சப்னா கடற்கரையில் பட்டம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கியவள், ஒரு மணி நேரம் கழித்து வந்திருக்கிறாள். அவளுடைய தாயார் (சித்தி லெய்லா என்பது அவர் முழுப்பெயர்) முற்றத்தில் ரஸாக்கோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"விடுதியில வேலை செய்றவ எண்டதால இப்ப ஹவ்வாவையும் கதைக்கிறாங்க," என்றாள் ஹஃபீலா.

அதே நேரம், இன்று வேலைக்குப் போகாமல் நின்ற ஹவ்வா தேநீர்த் தட்டோடு வந்தாள். "கதைக்கட்டும். வெங்காயம் உரிக்கிற கையைப் படம் எடுக்க எவனுக்கு விசர்?" என்று தட்டை வைத்தாள். அவள் நகங்கள் பத்தும் அடிமுதல் நுனிவரை செக்கச் சிவந்திருந்தன. அடியில் மெல்லிய வெள்ளைப் பிறை மட்டும்.

"மருதோண்டி எப்ப வச்ச?" என்று கேட்டார் ஜௌபர்.

"ரெண்டு கிழமை. கூட்டாளி ஒருத்திட கல்யாணத்துக்கு."

ஹஃபீலாவின் நகங்களில் எந்த நிறமும் இல்லை. நஸ்லாவின் நகங்களும் அப்படியே. சாயத்தின் உண்மை நிறத்தைத் தன் நகத்தில் பூசிப் பார்ப்பதால் அவள் மருதோண்டி வைப்பதே இல்லையாம்.

"பெருநாளைக்கு நீங்க வைக்கல்லையா ஹஃபீலா?"

"டெங்கு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில கிடந்தன். கையில சேலைன் ஊசிதான் இருந்திச்சி."

ஐந்து மணிக்கு வேன் வந்தது, ஆனால் வீடுவரை வரவில்லை. ஜூட் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஜௌபரின் காதில் சொன்னான்: "மாப்பிள்ளை பள்ளிவாசல் திருப்பத்திலயே வேனை நிப்பாட்டிட்டு உள்ளுக்கு இருக்கிறான். தாயையும் தங்கச்சியையும் மட்டும் அனுப்பிட்டான். ஆம்பிளையாம்!"

சித்தி லெய்லா கறுத்த அபாயா அங்கியில் வந்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "எங்களுக்கும் மதுரங்குளியில மரியாதை இருக்கு ரஸாக் நானா. மகன் ரெண்டு நாளா யாரோடயும் கதைக்கல்ல. நான் என்ன செய்ய?"

சப்னா தாயின் பின்னால் சால்வைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஹவ்வா தேநீரை நீட்ட, வேறு வழியின்றிக் கை வெளியே வந்தது. பெருவிரல் நகத்தில் புதுமருதோண்டி.

"பாருங்களேன், இவள்ட அவசரத்தை," என்று தாயார் ஏதோ பேச வேண்டுமே என்று சொன்னார். "மணப்பொண்ணுட கைக்கு வைக்க முந்தி, நேத்து இருந்தாப்போல அரைச்சி வச்சிக்கிட்டாள்."

ஜௌபர் கோப்பையைக் கீழே வைத்தார். காற்று ஒருமுறை கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

"சித்தி லெய்லா, மருதோண்டி நகத்தில ஏறினா எப்படிப் போகும்?"

"என்ன கேள்வி இது? போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகணும்."

"அதுதான் இந்தப் படத்தில இருக்கு. ஹஃபீலா, அந்த நகங்களை ஒட்டுங்க."

வலக்கையின் ஐந்தும் ஒட்டப்பட்டன. கயிறு விரல் விரலாக ஏறி மோதிர விரலில் பட்டமாய் விரிந்தது. ஒவ்வொன்றும் ஓரத்தில் இடைவெளியின்றிப் பொருந்தியது.

"நஸ்லா அளவு எடுத்தது இந்தக் கைக்கு. எடுத்த விதத்தைச் சொல்லுங்க நஸ்லா."

"நகத்துக்கு மேல செலோடேப் ஒட்டி, பேனையால ஓரத்தைக் கீறி எடுத்தன்," என்று நஸ்லா தன் கொப்பியை விரித்தாள். பெயரெழுதிய பக்கத்தில் பத்து ஒட்டுத் துண்டுகள்.

"படத்தில பட்டம் சுட்டு விரல்ல இருக்கு. ஒட்டினவ கதையைப் பார்த்து ஒட்டல்ல, விரலுக்குப் பிடிக்குதா எண்டு பார்த்து ஒட்டியிருக்கிறா. ஆனா மாறி ஒட்டிறது யாருக்கும் நடக்கலாம். அதால பெருவிரலைப் பாருங்க. நகம் இந்த ஒட்டு நகத்தை விட அகலம். ஓரத்தில தெரியிற இழையில மேல்பாதி மருதோண்டி, கீழ்ப்பாதி இல்ல. ஹஃபீலா பெருநாளைக்கு ஆஸ்பத்திரியில. அவட நகத்தில மருதோண்டியே இல்ல. இருந்து அழிஞ்சிருக்கவும் ஏலாது, நீங்களே சொன்னீங்க. அப்ப இது இவட கை இல்ல."

ரஸாக்கின் கையிலிருந்து ஊசி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்ப ஹவ்வாட கையா?" என்றார் சித்தி லெய்லா.

"ஹவ்வா வச்சி ரெண்டு கிழமை. அடிவரைக்கும் சிவப்பு. பாதி ஏறிப்போக எவ்வளவு காலம் வேணும் எண்டு ஜூட்டின்ட விரல் சொல்லுது." ஜூட் பெருமையோடு பெருவிரலை உயர்த்திக் காட்டினான். "பெருநாளுக்கு முதல் நாள் அடியில பட்ட காயம், இப்ப நடுவில. அந்தக் கைக்காரியும் பெருநாளைக்கு மருதோண்டி வச்சவ, பிறகு வைக்காதவ."

"பெருநாளைக்கு எங்கட வீட்டிலயும்தான்..." என்று தொடங்கிய சித்தி லெய்லா நிறுத்தினார்.

"பிறகு யாராவது பயந்து, அந்தப் பாதியை மறைக்கப் புதுசா மருதோண்டி வச்சாலும் மறையாது," என்றார் ஜௌபர் யாரையும் பார்க்காமல். "பழசுக்கு மேல ஏறின பாதி கறுக்கும். வெறும் நகத்தில ஏறின பாதி வெளுப்பாயே நிக்கும்."

"யார் நானா? பேரைச் சொல்லுங்க!" என்று ஜூட் துடித்தான்.

"இது ஹஃபீலாட கையா எண்டுதான் என்னைக் கேட்டாங்க. இல்ல எண்டு சொல்லிட்டன். ஒருத்தர் வாய் திறக்க முந்தி அவங்கட கதையை மொழிபெயர்க்கிறது என்ட வேலை இல்ல."

மேசை மேல் மணல் உரசும் ஒலி கேட்டது. ஹஃபீலா மட்டும் எழுந்து சப்னாவிடம் போனாள். அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் கையைத் திறந்து நீட்டியபடி நின்றாள்.

சால்வை மெல்ல விலகியது. சப்னா தன் வலக்கையை அந்தக் கையின் மேல் வைத்தாள். பெருவிரல் நகம் நடுவே கோடு கீறியது போல இரண்டு நிறமாய் இருந்தது.

"உம்மா, அது என்ட கை," என்றாள். "ஒரு படம் எடுக்கத்தான் போட்டன். அழகா இருந்திச்சி. முகமில்லாத படம்தானே எண்டு அவர் ஸ்டேட்டஸில போட்டுட்டார். இப்படி ஆகும் எண்டு தெரியாது."

சித்தி லெய்லாவின் கை ஓங்கியது. ஹஃபீலா குறுக்கே நின்றாள்.

"அடிக்காதீங்க மாமி. அவ யாரை விரும்பினாலும் அதைப் பிறகு இருந்து கதையுங்க." பிறகு சப்னாவின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நகத்தை எடுத்ததுக்கு எனக்குக் கோபம் இல்லடி. கேட்டிருந்தா நானே ஒட்டி விட்டிருப்பன். ரெண்டு நாள் உனக்கு வாய் இருந்திச்சி. அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாம இருக்கு."

சப்னா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி லெய்லா மகளிடமிருந்து திரும்பி, "ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடக்கும் ரஸாக் நானா. நான் வெட்கப்படுறன்," என்றார்.

"நான் இன்னும் சொல்லல்ல மாமி," என்றாள் ஹஃபீலா. "உங்கட மகன் ஒரு படத்தை நம்பினார். என்னட்ட ஒரு வார்த்தை கேட்கல்ல. வேனில இருந்து இறங்கி, இந்த வாசலால நடந்து வந்து என்ட முகத்தைப் பார்த்துக் கதைக்கச் சொல்லுங்க. பிறகு சொல்றன்."

சித்தி லெய்லா கைபேசியை எடுத்தார். ஜௌபர் விடைபெறாமலே எழுந்தார். வாசலைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தார். ஹஃபீலா ஒட்டு நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ பள்ளிவாசல் திருப்பத்துக்கு வந்தபோது ஜூட் வேகத்தைக் குறைத்தான். வேன் அங்கேயே நின்றது. சாரதிப் பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. காற்று கதவை அடிப்பதும் திறப்பதுமாக இருந்தது.

"கடற்கரைப் பக்கம் போயிட்டானோ, வீட்டுப் பக்கம் போயிட்டானோ?" என்றான் ஜூட்.

ஜௌபர் இறங்கி மணலைப் பார்த்தார். செருப்புத் தடங்கள் கடற்கரைப் பக்கம் சில அடிகள் போய், நின்று, திரும்பி, மணலின் குறுக்கு வழியாக ரஸாக்கின் வீட்டை நோக்கிப் போயிருந்தன. காற்று அவற்றின் ஓரங்களை ஏற்கெனவே அரிக்கத் தொடங்கியிருந்தது.

அவர் வேன் கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

"இந்தக் கறுப்பு இன்னும் ரெண்டு மாசத்தில போயிரும், என்ன நானா?" என்றான் ஜூட், கைப்பிடியில் இருந்த தன் பெருவிரலைப் பார்த்தபடி.

"நகத்தில இருந்து எண்டா போகும்," என்றார் ஜௌபர்.